மூன்றாவது தட்டு

முடிச்சு இடப்பக்கம் இருந்தது.

அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து மறுபடியும் பார்த்தாள். கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் சன்ஷேடின் மீது, ஏசியின் அவுட்டோர் யூனிட் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் கையாலேயே கட்டியது. கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றுச் சுற்றி, வலப்பக்கத்து இரும்புக் காலில் இழுத்து, ஒரு முடிச்சின் மேல் இன்னொன்றாகப் போட்டிருந்தாள். அழகாக ஒன்றும் இல்லை, துணிமூட்டை கட்டுகிற லட்சணம்தான். இப்போது வலப்பக்கம் வெறும் கயிறு விறைப்பாக ஓடியது. முடிச்சு இடப்பக்கத்துக் காலோடு ஒட்டி, சின்னதாக, மிச்சக் கயிறு மடித்துச் செருகப்பட்டு, கச்சிதமாக இருந்தது.

மிச்சக் கயிற்றை மடித்துச் செருகுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த வழக்கம் உள்ள ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அவன் இடதுகைக்காரன். அவளுடைய கணவன். அவன் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

பதற்றத்தில் நானே மாற்றிக் கட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரையை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் திரைக்கு முதுகைக் காட்ட மனசு வரவில்லை. பின்னாலேயே இரண்டு எட்டு வைத்துக் கட்டில் வரை வந்தாள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் வெளிச்சம் பழுப்பாகி, அறைச்சுவரில் பழைய எண்ணெய் மாதிரி படிந்திருந்தது. காற்று இன்னும் வரவில்லை. காற்று வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த இறுக்கம்தான் எங்கும் இருந்தது. தெருவில் யாரோ கடைசியாக ஒரு ஷட்டரை இழுத்து மூடினார்கள். நாலு மணிக்குப் புயல் கரையைக் கடக்கும், மின்சாரம் நிறுத்தப்படும், யாரும் வெளியே வராதீர்கள் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று காலையிலிருந்து தொண்டை கட்டக் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

கட்டிலில் மகள் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. ஒல்லி உடம்பு, மெல்லிய முடி, பூனைக்குட்டி மாதிரி கூரான பற்கள். அவளுக்கு வியர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படி. வியர்வை வராத உடம்புக்கு உள்ளே ஏறுகிற சூட்டை வெளியே தள்ளத் தெரியாது. அறை சூடானால் அவளும் சூடாவாள், அடுப்பில் வைத்த பாத்திரம் போல, நிற்காமல். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இவளுக்கு மருந்து கிடையாது, குளிர்தான் மருந்து. மற்ற வீடுகளில் ஏசி சௌகரியம். இந்த வீட்டில் அது குழந்தையின் உயிர். அதனால்தான் ஏசி பழுதுபார்க்கிற அப்பன் மகளுக்கு ஐஸ்குட்டி என்று பெயர் வைத்தான். அந்த வீட்டில் போர்வை என்று ஒரு பொருளே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் முகாமில் போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்ததற்கே குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று காலையில் போன் போட்டாள். பாலத்தை மூடிவிட்டார்கள், காற்று ஓயும் வரை எந்த வண்டியும் வராது என்றார்கள். வீடுதான் கதி. குளிக்கிற தொட்டி நிறையத் தண்ணீர், இரண்டு பெட்டி ஐஸ், ஈரத்துண்டுகள், பேட்டரி விசிறி. புயல் போய் மின்சாரம் திரும்பியதும் ஏசி ஓடியாக வேண்டும். அதுவரைக்கும் அந்த டப்பா வெளியே பத்திரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா, இடுப்பில் ஒரு ஐஸ் பெட்டியோடு மூச்சு வாங்க நின்றாள்.

"இந்தா, என் ஃப்ரிட்ஜுல இருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். மீன் வாசனை அடிச்சா என்னைத் திட்டாதே."

"எதுக்கு அக்கா உங்களுக்குச் சிரமம்..."

"சும்மா இரு. நம்ம ஐஸ்குட்டிக்கு இல்லாத ஐஸா?" உள்ளே எட்டிக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, வேலையெல்லாம் முடிஞ்சுதா? அந்த ஆளைச் சீக்கிரம் இறக்கி அனுப்பும்மா. வானத்தைப் பாத்தியா?"

"எந்த ஆளை?"

"மெக்கானிக்கைத்தான். இன்னும் என் ஜன்னலுக்கு மேலதான் நடந்துக்கிட்டு இருக்கான். இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி. நடுவுல டொக்கு டொக்குனு தட்டுறான்."

"நான்தான் கட்டினேன் அக்கா. கட்டி முடிச்சு அரை மணி நேரம் ஆச்சு. யாரையும் கூப்பிடல."

தையற்காரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஐஸ் பெட்டியை அவள் கையில் திணித்தாள். "அப்போ காத்தாத்தான் இருக்கும். வேற என்ன?" என்று படியிறங்கிவிட்டாள். அந்த நேரத்தில் காற்று துளிகூட இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நடையில் ஏசியின் பிரேக்கர் பெட்டி இருந்தது. அதைத் திறந்து பார்த்தாள். பிரேக்கர் இறக்கியபடியே இருந்தது. தார்ப்பாய் கட்டுவதற்கு முன்னால் முதலில் செய்த காரியம் அதுதான். கை அதன் மேல் போனதும் சுட்டது போல இழுத்துக்கொண்டாள்.

இந்த வேலையெல்லாம் அவன் கற்றுக்கொடுத்தது. புயல் அறிவிப்பு வந்தால் பக்கத்துத் தெருக்களின் மாடிகளில் எல்லாம் அவன் தலைதான் தெரியும். கூட ஆள் கிடைக்காத நாட்களில் அவளைக் கூட்டிப்போவான். அவன் வெளியே, அவள் உள்ளே. அவளுக்கு 'உள்கை' என்று பட்டம். முதலில் பிரேக்கரை இறக்கு. காலில் இருக்கிற போல்ட்டை இறுக்கு. காற்றாடிக்கு முன்னால் ஒரு பலகை வை, பறந்து வருகிற ஓட்டுத்துண்டு உள்ளே போகாது. மேலேயும் முன்னாலேயும் மூடு, அடியை மூடாதே, ஈரம் உள்ளேயே நின்று துருப்பிடித்துவிடும். மூடியதையெல்லாம் எடுக்காமல் மட்டும் சுவிட்சைப் போட்டுவிடாதே, மூச்சு முட்டிச் செத்துப்போகும். "கம்ப்ரஸரும் புருஷனும் ஒண்ணு. நிறுத்தினா உடனே மறுபடி ஓட்டக் கூடாது. மூணு நிமிஷம் சும்மா விடணும்" என்று போகிற வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

பேசினால் காற்றில் கேட்காது என்பதால் தட்டுதான் பேச்சு. வெளியே இருப்பவன் செப்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டினால் சத்தம் குழாயோடு சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். உள்ளேயிருந்து தட்டினாலும் வெளியே கேட்கும். ஒரு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் போடு. அந்த மூன்றையும் அவன் ஒரே மூச்சில் தட்டமாட்டான். இரண்டு தட்டு. பிறகு ஓர் இடைவெளி. கழற்றியதை எல்லாம் மாட்டியாயிற்றா, கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று அந்த இடைவெளியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வான். பிறகுதான் மூன்றாவது.

"மூணாவது தட்டு வர்றவரைக்கும் உன் கை சுவிட்சுல படக் கூடாது. நான் டீ குடிச்சிட்டு வந்து தட்டினாலும் சரி."

காற்று நாலேகாலுக்கு வந்தது. முதலில் தூரத்தில் லாரிகள் வரிசையாக வருவது போல ஓர் உறுமல். பிறகு கட்டடத்தின் ஒவ்வொரு இடுக்கும் ஒவ்வொரு குரலில் ஊளையிட, மழை ஜன்னலில் பக்கவாட்டில் வந்து அறைய, எங்கேயோ ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு தெரு முழுக்க உருண்டு போக, விளக்கு ஒரு தடவை சிவந்து அணைந்தது. அறையில் ஈரத் துணியின் வாசனையும் மீன் ஐஸின் வாசனையும் மட்டும் மிஞ்சின. அவள் டார்ச்சைக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டொக். டொக்.

உள்ளே, சுவரில், ஏசிப் பெட்டிக்குக் கீழே குழாய் நுழைகிற இடத்திலிருந்து வந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மழை அறைந்தது. தகரம் உருண்டது. அவள் எண்ணிக்கொண்டேயிருந்தாள். பத்து, இருபது, முப்பது. மூன்றாவது வரவில்லை.

"அப்பா தட்டுற மாதிரியே இருக்குல்ல?" என்றாள் மகள், படத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"கிளை ஏதாவது முட்டியிருக்கும்டா. நீ வரை."

"நம்ம வீட்டுக்கிட்ட மரமே இல்லையேம்மா."

ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மகளின் முதுகில் விரித்தாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

போன புயலில், நடுவில் காற்று திடீரென்று ஓய்ந்தது. சுழல்கிற புயலின் நடுப்பகுதி தலைக்கு மேல் வந்தால் அப்படித்தான் அரை மணி நேரம் ஓயும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அடிக்கும். அந்த ஓய்வில் எப்படியோ மின்சாரம் வந்துவிட்டது. குழந்தைக்கு அப்போதே நூற்று நாலு டிகிரி. தார்ப்பாயை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரமாவது ஏசி ஓட்டலாம் என்று, ஜன்னலில் தானே பொருத்திய கிரில் கதவைத் திறந்து அவன் சன்ஷேடில் இறங்கினான். அவள் நடையில் பிரேக்கர் அருகே நின்றாள். குழந்தை கட்டிலில் வெட்டி வெட்டி இழுத்தது. குழாயில் இரண்டு தட்டு கேட்டது. டொக், டொக். மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டும். குழந்தையின் கண் மேலே செருகியது. அவள் காத்திருக்கவில்லை. பிரேக்கரை ஏற்றிவிட்டாள்.

ஏற்றிய உடனே ஒரு தட்டு கேட்டது. பலமாக, ஒரே ஒரு தட்டு. அவள் அதை மூன்றாவது என்று எடுத்துக்கொண்டாள்.

ஏசி ஓடியது. குளிர்காற்று வந்தது. குழந்தைக்கு இழுப்பு நின்றது. அவன் இன்னும் உள்ளே வரவில்லை என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. கீழே கிடந்தான். திரும்பி வந்த காற்று தள்ளிவிட்டது என்றார்கள் எல்லோரும். இடது கையில் இரண்டு விரல்களைக் காணோம், ஏதோ தகரம் வெட்டியிருக்கும் என்றார்கள். காற்றாடிக்கு முன்னால் உள்ள கம்பிவலை கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்ததையும், உள்ளே விழுந்த கயிற்றுத்துண்டை எடுக்க அவன் கையை விட்டிருந்ததையும், அவள் ஒருத்திதான் பார்த்துப் புரிந்துகொண்டாள். இறக்கையைக் கழுவினாள். வலையை மாட்டினாள். ஆமாம், காற்றுதான் என்றாள்.

நூற்றி ஒன்று. இப்போது டார்ச் வெளிச்சத்தில் மகளின் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். மணி ஐந்து. முதல் ஐஸ் பெட்டி தண்ணீராகிவிட்டது. மகள் வரைவதை நிறுத்திவிட்டு மல்லாந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் காய்ந்து சிவந்து, தொட்டால் சொரசொரவென்றிருந்தது. நூற்று இரண்டு. இரண்டாவது பெட்டியை உடைத்தாள். அக்குளில், கழுத்தில், தொடையிடுக்கில் ஐஸை வைத்தாள். நூற்று இரண்டரை.

டொக். டொக்.

"அம்மா..."

"ஒண்ணுமில்லடா. கண்ணை மூடிக்கோ."

டொக். டொக்.

ஒவ்வொரு தடவையும் இரண்டுதான். ஒவ்வொரு தடவையும் அவள் எண்ணினாள். எண்ணுவதை நிறுத்த முயன்றாள், முடியவில்லை. தையற்காரம்மாவின் மீன் ஐஸும் கரைந்தது. நூற்று மூன்று.

ஆறு மணி வாக்கில் காற்று ஓய்ந்தது.

குறையவில்லை. நின்றது. யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியது போல. ஓட்டிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. எங்கேயோ ஒரு நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு, பயந்தது போல அடங்கியது. மேற்கே மஞ்சளாக ஒரு வெளிச்சம். அப்போது, அவள் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்த அது நடந்தது. நடை விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

நூற்று மூன்று புள்ளி ஆறு. மகளின் இடது கால் லேசாக ஒரு தடவை வெட்டியது.

யோசிக்க நேரமில்லை. வெளியே இறங்க வேண்டும், தார்ப்பாயையும் பலகையையும் எடுக்க வேண்டும், உள்ளே வந்து பிரேக்கரை ஏற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. நனைந்த துண்டை மகளின் நெற்றியில் மடித்து வைத்தாள். அவனுடைய ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகினாள். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள்.

கயிறு அவிழ்ந்துகொண்டிருந்தது.

காற்று இல்லை. தார்ப்பாயின் ஓரம்கூட அசையவில்லை. இடப்பக்கத்து முடிச்சிலிருந்து மிச்சக் கயிறு நிதானமாக வெளியே வந்தது. முடிச்சு தளர்ந்தது. கயிறு ஒரு சுற்று விலகியது, இன்னொரு சுற்று. விலகிய கயிறு கீழே விழவில்லை. அந்தரத்தில், ஒரு முழங்கை உயரத்தில், வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே போனது. வேலை தெரிந்தவர்கள் கயிற்றைக் கையில் சுற்றி எடுப்பார்களே, அப்படி. அங்கே கை இல்லை.

கீழேயிருந்து தையற்காரம்மாவின் குரல் கேட்டது. "ஏம்மா! இன்னுமா அந்த ஆளை உள்ள கூப்பிடல? என் ஜன்னல் பூரா அவன் மேலேருந்து தண்ணி சொட்டுது. காத்து திரும்பி வரப்போகுது, பாவம்!"

தார்ப்பாய் நாலாக மடிந்தது. பலகை முன்பக்கத்திலிருந்து கழன்று, சத்தமில்லாமல் நகர்ந்து, சுவரில் சாய்ந்து நின்றது. வேலை சுத்தமாக இருந்தது. அவன் வேலை எப்போதும் சுத்தம்.

அவள் பின்னால் நகர்ந்தாள். கட்டிலைத் தாண்டினாள். நடைக்கு வந்தாள். கால்கள் தாமாக அந்த இடத்தில் போய் நின்றன, இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும். கட்டில் தெரியாது, கதவு மறைக்கும். மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். வேகமான, வறண்ட மூச்சு.

டொக். டொக்.

கை பிரேக்கர் வரை போய் நின்றது.

போட்டுவிடு என்றது உடம்பு. குழந்தை வேகிறது. மூடியதை எல்லாம் எடுத்தாயிற்று, மின்சாரம் இருக்கிறது, ஒரு விரல் அசைத்தால் போதும். அன்றைக்கும் உடம்பு இதையேதான் சொன்னது.

அவள் கையை எடுத்தாள். பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டது.

"பாத்துக்கோ" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கையை எடு. காலை எடு. எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துக்கோ. நான் போடல. இந்த தடவை போடமாட்டேன்."

கதவுக்குப் பின்னால் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. மகளின் குதிகால் மெத்தையில் அடித்தது. ஒன்று. இரண்டு. அவள் கண்களை மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஓட்டிலிருந்து சொட்டு. இன்னொரு சொட்டு. குதிகால் அடிப்பது நின்றது. மூச்சுச் சத்தமும் நின்றது மாதிரி இருந்தது.

டொக்.

மூன்றாவது.

குழாயிலிருந்து வரவில்லை. மரத்தில் விழுந்த தட்டு. மகளுடைய கட்டிலின் தலைமாட்டில்.

அவள் கண்களைத் திறந்தாள். ஜன்னலில் கிரில் கதவு பூட்டியபடியே இருந்தது. அதற்கு அப்பால் அவுட்டோரின் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பிரேக்கரைப் பார்த்தாள். இறக்கியபடியே இருந்தது. அவள் தொடவே இல்லை.

அறைக்குள்ளிருந்து குளிர் வந்து கணுக்காலில் பட்டது.

ஓடினாள். மகள் அசையாமல் கிடந்தாள். மார்பு மெதுவாக, ஒழுங்காக ஏறி இறங்கியது. தெர்மாமீட்டர் கையில் நழுவி நழுவிக் கடைசியில் மாட்டியது. நூற்றி ஒன்று. அவள் பார்க்கப் பார்க்க நூறு. தொண்ணூற்று ஒன்பது. அந்த அறையில் யார் இருக்கிறார்கள், எது இருக்கிறது என்பதெல்லாம் மறந்துபோய், முழந்தாளிட்டு மகளின் கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். தொண்ணூற்று எட்டு புள்ளி நாலு. சரியான சூடு. மற்ற குழந்தைகளுக்கெல்லாம் சும்மாவே இருக்கிற சூடு.

மகள் கண் திறக்காமல் சிரித்தாள்.

"அம்மா. அப்பா சொல்றாரு, இந்த தடவை நீ நல்லா காத்திருந்தியாம்."

அழுகை நின்றுவிட்டது. இந்த தடவை. இரண்டு வருடமாக அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"எங்கேடா... அப்பா எங்கே?"

தெர்மாமீட்டரில் தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று ஆறு. அவள் தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தாள். அதன் வாய் மூடியிருந்தது. விளக்கு எரியவில்லை. குளிர் அங்கிருந்து வரவில்லை.

"போதும்" என்றாள். "போதுங்க. சரியாயிடுச்சு. போதும்."

தொண்ணூற்று நாலு. மகளின் உதடு நீலம் பாரித்தது. வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

"அம்மா, குளிருது."

எட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை.

போர்வை. போர்வை கிடையாது. புடவையை இழுத்துப் போர்த்தினாள். அள்ளித் தூக்கப் பார்த்தாள். உடம்பு வந்தது, தலை வரவில்லை. தலையைத் தலையணையோடு சேர்த்து எதுவோ அழுத்தியிருந்தது. நடைக்கு ஓடினாள். பிரேக்கரைக் கீழே தள்ளினாள். அது கீழேதான் இருந்தது. ஏற்றி இறக்கினாள். மறுபடியும் ஏற்றி இறக்கினாள். காற்றாடி ஒரு இறக்கை அளவுகூடத் தயங்கவில்லை. அவள் போடாத ஒன்றை எப்படி அணைப்பது?

இடுப்பில் ஸ்பேனர். உருவிக்கொண்டு அறைக்குள் திரும்பினாள். சுவரில் குழாய் நுழைகிற இடத்தில் ஓங்கித் தட்டினாள். ஒரு தட்டு. நிறுத்து.

காற்றாடி இன்னும் வேகமாகச் சுற்றியது.

ஒரு தட்டு. நிறுத்து. நிறுத்துங்க.

இன்னும் வேகம்.

அன்றைக்கு அவளுக்கு எப்படிக் கேட்டதோ, அப்படித்தான் அவனுக்கும் கேட்டது, மூன்றாவது தட்டாக.

தெருக்கோடியில், எதிர்ப்பக்கத்திலிருந்து, காற்று திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் தட்டிக்கொண்டே திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். மகளின் நெற்றியில் அவள் மடித்து வைத்த ஈரத்துண்டு வெள்ளையாக உறைந்திருந்தது. அதன் மேல் ஓர் உள்ளங்கை அழுந்திய பள்ளம். ஒரு கட்டைவிரல், இரண்டு விரல்கள், பிறகு எதுவும் இல்லை. அந்தப் பள்ளம் மெதுவாக, மிக மெதுவாக, குழந்தையின் நெற்றியை வருடிக்கொண்டிருந்தது.